ஜைனப் வீட்டு முப்பத்தொரு பேர்

எனக்கு இப்போதெல்லாம் தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சீசன் நேரத்தில் எங்கள் தெருவில் எந்நேரமும் சாரல் விழுந்துகொண்டிருக்கும். ஓட்டு விளிம்பில் சொட்டும், வாளியில் சொட்டும், கொடியில் காயாமல் கிடக்கிற துணியில் சொட்டும். இத்தனை தண்ணீருக்கு நடுவில் உம்மா மட்டும் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்ட வேண்டும்.

உம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நடக்கிறது. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருப்பதால்தான் அதுவும். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. மிஷின் இழுத்து எடுக்காவிட்டால் உடம்பிலேயே தங்கி நுரையீரல்வரை ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மிஷினில் ஊசி ஏற்றுவதற்காக உம்மாவின் இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் ஓர் இரைச்சல் கேட்கும். மெயினருவிக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு கேட்கிற மாதிரி இருக்கும்.

"நல்லா விழுதாட்டி?" என்பாள் உம்மா.

"விழுதும்மா."

"அப்ப இன்னைக்கு குளிக்க விடுவாவ."

சத்தம் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதற்காகத்தான் காதை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். உம்மா அதை எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டாக ஆக்கி வைத்திருந்தாள்.

வாப்பா பரீது, ஐந்தருவிக்குப் போகிற வழியில் தார்ப்பாய் கட்டிப் பழக்கடை போட்டிருக்கிறார். மங்குஸ்தான், ரம்புட்டான், பலாச்சுளை. ராத்திரி வரும்போது சட்டை நனைந்து, உடம்பெல்லாம் பழ வாசனையோடு வருவார். உம்மா பழம் தின்னக்கூடாது. வாப்பாவின் சட்டையை வாங்கி முகர்ந்துவிட்டு, "இன்னைக்கு ரம்புட்டான்தான் நல்லாப் போயிருக்கு" என்று சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சமையல் என்னுடையது. காயை வெட்டி, வெந்நீரில் போட்டு, பொட்டாசியம் இறங்கின அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். உப்பு கிடையாது. பிளஸ் டூ புத்தகத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வேன். எங்கள் மூன்று பேருக்கும் அதே சாப்பாடுதான். வாப்பா மட்டும் ஊறுகாய் டப்பாவை உம்மாவுக்குத் தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வார். உம்மாவுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது அந்தப் போன் நம்பரைப் பற்றி.

எங்கள் தெருவில் பாதி ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீடுகளில் பெண்கள்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் முதலில் நம்பர் கேட்பார்கள். ரேஷன் அட்டைக்கு, சமையல் கேசுக்கு, முதியோர் பென்ஷனுக்கு, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் நம்பர் வேண்டும். வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன சிம்மெல்லாம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும். தங்கள் நம்பரைக் கொடுக்கவும் பெண்களுக்கு மனது வராது. பொம்பிளை நம்பர் வெளி ஆள் கைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் தெருவில் யாரும் மீறாத வழக்கம். இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவன் யார் வீட்டுப் பையனோ, நம்பரை வைத்து என்ன செய்வானோ.

உம்மாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால், "யாருவே அது? சோலி என்னன்னு சொல்லும்" என்று அதட்டுகிற ஒரே பெண் அவள்தான். அதனால் தெருவில் எல்லாரும் வந்து கேட்டார்கள்.

"ஜைனப், ஒன் நம்பரைக் குடுத்திரட்டா?"

"குடுங்க. தேஞ்சா போவுது?"

வருடக்கணக்காக இப்படியே நடந்தது. போனில் செய்தி வந்தால் உம்மா வாசலில் நின்று கூவுவாள். "ஏட்டி மிஸ்ரியா, ஒனக்கு கேசு ஏத்தியாச்சாம்!" "ஹைருன் மாமி, ஒங்க பேருல பாமாயில் போட்டுட்டான், வாங்குனியளா?" ஓடிபி வந்தால் மட்டும் கூவமாட்டாள். நேரில் போய்க் காதில் சொல்லிவிட்டு வருவாள். உடம்பு முடியாமல் அவள் படுத்த பிறகு அந்தப் போன் என் கைக்கு வந்தது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அட்டையை வாங்கி கம்ப்யூட்டரில் தட்டிய அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

"ஏன்? போன தடவ எடுத்துச்சே?" என்றார் வாப்பா.

"குடும்ப வருமானம் கூடுதல்னு வருது. வெளிநாட்டுச் சம்பளம் வேற காட்டுது. ஒங்க குடும்பத்துல முப்பத்தொரு பேரு இருக்காவளே."

"முப்பத்தொரு பேரா? எனக்கு இருக்கது இந்த ஒத்தப் பிள்ளைவே. மீதிய நான் எப்பம் பெத்தேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். உம்மா சுவரில் சாய்ந்தபடி, "நான் இல்லாத நேரம் பெத்திருப்பிய" என்றாள். அதற்கு இன்னும் சிரித்தார்கள். சிரிப்பெல்லாம் அடங்கின பிறகும் திரையில் அந்தச் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

"இன்னைக்கு போட்டு விட்டிருதோம். அடுத்த தடவைக்குள்ள சரி பண்ணிட்டு வந்திருங்க. இல்லைன்னா மேல உள்ளவங்க எங்களைத் திட்டுவாவ" என்றார் அந்த அண்ணன்.

மறுநாளிலிருந்து வாப்பா கடை திறக்கவில்லை. நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. காப்பீட்டு ஆபீசில், "நாங்க ஒண்ணும் மாத்தலைங்க, குடும்ப விவரம் ரேஷன்லேர்ந்து வருது" என்றார்கள். ரேஷன் ஆபீசில், "ஆளுங்க பேருதான் எங்ககிட்ட. வருமானம் ரெவின்யூ" என்றார்கள். ரெவின்யூவில், "வெளிநாட்டுச் சம்பளம் நாங்க போட்டதில்ல, அது வேற துறை. எல்லாத்தையும் சென்னையில வச்சு ஒண்ணாக் கோத்திருக்காங்க" என்றார்கள். யாரும் கோபமாகப் பேசவில்லை. எல்லாரும் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். எல்லாத் திரையிலும் உம்மாவின் பழைய போட்டோ இருந்தது. ரேஷன் அட்டைக்கு எடுத்த போட்டோ அது. கன்னம் உப்பாமல் அழகாக இருந்தாள்.

இப்படி அலைந்ததில் அடுத்த டயாலிசிஸ் நாளும் கடந்துபோனது.

அதற்கடுத்த நாள் கிராம நிர்வாக அலுவலர் நிர்மலாதேவி மேடத்தைப் பார்த்தோம். ஆபீஸ் கூரை ஒழுகியது. மேசைக்கு அடியில் ஒரு வாளி, பீரோ மேலே ஒரு வாளி. மேடம் சேலையைச் சொருகிக்கொண்டு ஃபைல்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. ஏட்டி, நீ அந்தப் பக்கம் உக்காராத, தலையில ஒழுகும்."

வாப்பா விஷயத்தைச் சொன்னார். மேடம் டேப்லெட்டில் உம்மாவின் நம்பரைப் போட்டார். டேப்லெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு, "யம்மா, என்ன இது!" என்றார்.

உம்மாவின் போட்டோவுக்குக் கீழே கோடு கோடாக இறங்கியது. என் போட்டோ, வாப்பா போட்டோ. அப்புறம் எதிர்வீட்டு மிஸ்ரியா லாத்தா, அவள் மாப்பிள்ளை மன்சூர், அவர்கள் குழந்தை. அடுத்த வீட்டு ஹைருன் மாமி, வெளிநாட்டில் இருக்கிற அவர் மகன் ஹம்தான். விரலால் தள்ளத் தள்ளத் தெரு முழுக்க வந்தது. எல்லாரும் எங்கள் வீட்டுக் கதவு நம்பரில் இருந்தார்கள்.

"முன்ன எப்படி அண்ணாச்சி? நான் எழுதுன வருமானம் ரேஷன்ல தெரியாது. அங்க உள்ள பேரு பள்ளிக்கூடத்துல தெரியாது. நீங்கதான் பேப்பரைத் தூக்கிட்டு இங்கனயும் அங்கனயும் அலைஞ்சிய. இனிமே ஜனங்க அலையப்படாது, ஒரு ஆபீஸ்ல சொன்னா எல்லா ஆபீஸுக்கும் தெரியணும்னுதான் சேத்தாவ. நல்ல காரியந்தான். ஆனா மிஷினுக்கு ஒங்க தெருவைத் தெரியுமா? ஒரே நம்பரு எங்கெல்லாம் இருக்கோ அதெல்லாம் ஒரே குடும்பம்னு எடுத்துக்கிட்டு."

"அப்ப எங்க நம்பரை மாத்திருங்க மேடம்."

"அதைத்தான் பாக்கேன். விட மாட்டேங்குது. ஜைனபை குடும்பத் தலைவின்னு வச்சிருக்கு. உறுப்பினர் வெளிய போவலாம். தலைவி போவ முடியாது."

"ஏன் போவ முடியாது?"

"தலைவி போயிட்டா மிச்சம் உள்ளவங்க யாருன்னு அதுக்குத் தெரியாதுல்லா."

வாப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். மேடம் டேப்லெட்டை மூடிவிட்டு, "ஒரு வழி உண்டு" என்றார். "ஒவ்வொரு வீட்டுக்காரியும் வந்து, சொந்த நம்பர் குடுத்து, முகத்தைக் காட்டி, நான் தனிக் குடும்பம்னு சம்மதம் சொல்லணும். வீட்டு வருமானத்தையும் சொல்லணும். நான் தெருவுக்கே வாரேன். ஒரு ஆளு விடாம வரச் சொல்லுங்க. அந்த ஹம்தான் சம்பளம் ஒண்ணு மிச்சம் கிடந்தாலும் போதும், வரம்பைத் தாண்டிரும், கார்டு ஓடாது."

வெளியே வரும்போது என்னை மட்டும் கூப்பிட்டார். "அம்மைக்கு மூச்சு எப்படி இருக்கு?"

"படுக்க முடியல மேடம். உக்காந்துதான் தூங்குதாவ."

"நாளைக்கே வாரேன்" என்றார்.

உம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அமுக்கினால் குழி விழுந்தது, நிரம்பவில்லை. தலையணைகளை அடுக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ இருந்தாள். வாப்பா அவளிடம் முப்பத்தொரு பேர் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அது அவளுக்குள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி சஃப்ரின், எல்லாருக்கும் சோறு காணுமா?"

"யாருக்கும்மா?"

"உள்ள இருக்காவளே. மிஸ்ரியா புள்ள அழுதான் பாரு, தொட்டிலை ஆட்டு."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த அறைக்கு அப்பால் இன்னோர் அறை இருப்பது போலவும், அதற்கப்பால் இன்னொன்று இருப்பது போலவும் தோன்ற ஆரம்பித்தது. கண்ணை மூடினால் நீளமான நடையில் ஈரக் கால்தடங்கள். யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சவூதியிலிருந்து மன்சூர் மச்சான் பெட்டியோடு வந்து, எந்த அறை என்று தெரியாமல் நிற்கிறார். ஹைருன் மாமி கடைசி அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். எல்லா அறையிலும் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் மட்டும்தான் பார்க்கிறேன். கண்ணைத் திறந்தால் உம்மாவின் மூச்சு கொரகொரவென்று கேட்கும். எழுந்து போய்க் கையில் காதை வைப்பேன். விழுந்துகொண்டுதான் இருந்தது. படுத்துவிட்டு மறுபடி எழுந்து போய் வைப்பேன்.

காலையில் வாப்பா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். பெண்கள் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். முதலில் பேசியது மிஸ்ரியா லாத்தா. எனக்கு அக்கா முறை. வாய் ஓயாது.

"குடுக்கேன், என் நம்பரைக் குடுக்கேன். எவனாச்சும் ராங் கால் போட்டான்னா நேரா ஜைனபு மாமிகிட்ட போனைக் குடுத்திருவேன். ஒரு தடவ பேசுனா மறுவாட்டி எவனும் கூப்பிட மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹைருன் மாமி சிரிக்கவில்லை. வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் மட்டுமா கேக்காவ? வருமானமும்லா கேக்காவளாம்" என்றார்.

"கேட்டா சொல்லுவோம். நமக்கென்ன."

"ஒனக்கென்னட்டி. சொன்னா அரிசியை நிப்பாட்டுவாவ."

"நிப்பாட்டட்டுமே மாமி, ஒங்களுக்கு அது எதுக்கு? ரேஷன் அரிசியை நீங்க கோழிக்குத்தான போடுதிய? மேல ஒரு மாடி, கீழ மார்பிள், மவன் மாசாமாசம் ரியாலா அனுப்புதான். இந்தா ஜைனபு மாமி மூச்சை இழுத்துக்கிட்டு கிடக்காவ, அரிசியைப் பத்திப் பேசுதிய."

"என் வீட்டு மார்பிள் ஒன் கண்ணுல குத்துதோ?"

"குத்தல மாமி, வழுக்குது."

ஹைருன் மாமி படியிறங்கிப் போய்விட்டார். உம்மா கண்ணைத் திறக்காமலே, "வாய் இருக்கே ஒனக்கு. அவளை ஏன் விரட்டுத?" என்றாள். மிஸ்ரியா லாத்தா முனகினாள்.

மத்தியானம் நிர்மலாதேவி மேடம் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே வந்தார். மதரஸாக் கூடத்தில் மேசை போட்டிருந்தோம். தகரக் கூரை. சாரல் பெருமழையாகிவிட்டது. ஓடிபி உம்மா நம்பருக்குத்தான் வரும் என்பதால் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். எட்டாத தூரத்தில் இருக்கிற மன்சூர் மச்சானைக்கூட இந்த நம்பரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். திரையில் ஒரு கேள்வி வரும். மேடம் அதைச் சத்தமாக வாசிப்பார்.

"திருமதி ஜைனப் அவர்களின் குடும்பத்திலிருந்து வெளியேறச் சம்மதமா?"

முதலில் வந்த மிஸ்ரியா லாத்தாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாயடைத்துப் போனது. அவளுக்கு வாயடைத்து நான் பார்த்ததே இல்லை. "வெளியேறன்னா கேக்காவ?" என்றாள்.

"ஆமா. சம்மதம்னு சொல்லு."

"போயிட்டு வாரேன்னு சொல்லலாமா?"

"அதுக்கு பட்டன் இல்லட்டி. சொல்லு சீக்கிரம்."

"சம்மதம்" என்றாள். போன் ஒலித்தது. எண்ணை வாசித்தேன். திரையில் அவள் போட்டோவும் அவளோடு சேர்ந்த போட்டோக்களும் மறைந்தன. அடுத்து, அடுத்து என்று பெண்கள் வந்தார்கள். முக்காட்டைச் சரிசெய்து, முகத்தைக் காட்டி, சம்மதம் சொல்லிவிட்டு, மழைக்குள் போகாமல் சுவரோரமாகவே நின்றார்கள். ஒருவர் குனிந்து என் நாடியைத் தொட்டு முத்தமிட்டார். கல்யாணமாகிப் புறப்படுகிற பெண்கள் மாதிரி இருந்தது. ஆனால் எல்லாரும் ஒரே நாளில், ஒரே வீட்டிலிருந்து.

கடைசியில் திரையில் ஹைருன் மாமியும் ஹம்தானும் மட்டும் மிச்சம் இருந்தார்கள்.

"யாருட்டி இன்னும் வரல? நான் ஆபீசுக்குப் போவணும்" என்றார் மேடம்.

நான் ஓடினேன். ஹைருன் மாமி வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. கூடத்து மார்பிளில் என் கால் தண்ணீர் சொட்டியது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். அடுப்படியில் இருந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதுதானே வேகிறது. ரேஷன் அரிசி வேகும்போது சாக்கு நனைந்த மாதிரி ஒரு வாடை வரும். பக்கத்தில் குழம்புச் சட்டி எதுவும் இல்லை. ஒரு வெங்காயம் உரித்து வைத்திருந்தார்.

நான் பார்த்துவிட்டேன் என்பதை மாமியும் பார்த்துவிட்டார். தட்டை எடுத்துப் பானையை மூடினார்.

அந்த வீட்டில் கோழியே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடு இல்லை, சத்தம் இல்லை. எத்தனை தடவை வந்துபோயிருப்பேன்.

"மேடம் கூப்பிடுதாவ மாமி."

"எனக்கு மேலுக்குச் சரியில்லன்னு சொல்லு."

"நீங்க வந்தாத்தான் உம்மாக்கு கார்டு ஓடும்."

மாமி அடுப்பைத் தணித்தார்.

"உம்மாக்கு தண்ணி மேல ஏறிட்டு மாமி. உதடு நீலமா இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அதுவரை நான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன உடனே அழுகை வந்துவிட்டது. மாமி என் பக்கம் திரும்பவில்லை.

"போட்டி. வருவேன்னு நான் சொல்லல. போ."

திரும்பி வந்து மேடத்திடம், "வாராவளான்னு தெரியல" என்றேன். மேடம் மணியைப் பார்த்தார். சுவரோரம் நின்ற பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "மார்பிளுக்கு வரி போட்டிருவாவன்னு பயம்" என்று யாரோ சொன்னார்கள். மழை தகரத்தைப் பிய்த்துவிடும் போல அடித்தது.

அப்போது ஹைருன் மாமி வந்தார். குடை இல்லை. கையில் அவருடைய சின்னப் போன். மகன் பேசுவதற்காக மட்டும் வைத்திருக்கிற போன் அது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"நம்பரு இதுல இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. எடுத்துக்கிடுங்க."

மேடம் எடுத்துக்கொண்டார். "மவன் ஹம்தான், வெளிநாட்டு வேலை. சம்பளம் பழையதுதான் இருக்கு. இப்ப எவ்வளவு அனுப்புதாப்ல ஆச்சி?"

மாமி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது.

"சத்தமாச் சொல்லுங்க ஆச்சி, மழையில கேக்கல."

மாமி சுவரோரத்தைப் பார்த்தார். தெரு முழுக்க அங்கே நின்றது. மறுபடி மெதுவாகச் சொன்னார். மேடம் காதைச் சாய்த்தும் கேட்கவில்லை. தலையை ஆட்டினார்.

"ஒண்ணும் அனுப்பல!" என்று மாமி கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. "கம்பெனியை மூடிட்டான். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ரூம்ல கூட உள்ளவன் போடுத சோத்தைத் திங்கான் எம்புள்ள. நான் இங்க ரேஷன் அரிசி திங்குதேன். எழுதிக்கிடுங்க! கேட்டுதா? எழுதிக்கிடுங்க!"

மேடம் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஸ்ரியா லாத்தா சுவரோரத்திலிருந்து வந்தாள். மாமியின் முன்னால் மண்டியிட்டு, நனைந்து நழுவியிருந்த முக்காட்டை இழுத்து நெற்றிவரை விட்டு, காதுக்குப் பின்னால் சொருகினாள்.

"நேரா உக்காருங்க மாமி. போட்டோ எடுக்கப் போறாவ" என்றாள்.

மாமி நேராக உட்கார்ந்தார்.

"திருமதி ஜைனப் அவர்களின் குடும்பத்திலிருந்து வெளியேறச் சம்மதமா?"

"சம்மதம்."

போன் ஒலிக்கவில்லை. டவர் போய்விட்டது. திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. நான் வெளியே ஓடினேன். தெருவின் நடுவில் மழையில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது, போனது. உம்மா நிற்கிற வாசல் நினைவுக்கு வந்தது. அங்கே எப்போதும் கிடைக்கும். எங்கள் வாசலுக்கு ஓடினேன். போன் அதிர்ந்தது. தண்ணீர் வழிகிற திரையைப் பாவாடையில் துடைத்து, அங்கிருந்தே எண்களைக் கத்தினேன். மதரஸா வாசலில் நின்ற ஒருத்தி வாங்கி உள்ளே கத்தினாள். வாப்பா வீட்டுக்குள்ளேயிருந்து, "என்னட்டி, என்ன?" என்று ஓடிவந்தார். மதரஸாவிலிருந்து கை தட்டுகிற சத்தம் கேட்டது.

மேடம் கிளம்பும்போது, "இது எல்லா ஆபீஸுக்கும் போய்ச் சேர ஒரு ராத்திரி ஆவும்" என்றார். ஸ்கூட்டியில் ஏறிய பிறகு மறுபடி இறங்கி, "விடியுறதுக்கு முன்னால மூச்சு ரொம்ப மோசமானா காத்திருக்காதிய. கார்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேரா கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க. என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

விடியும்வரை நானும் வாப்பாவும் உம்மாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஹைருன் மாமி வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. அதிகாலையில் மிஸ்ரியா லாத்தா ஒரு தூக்குச்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஆட்டோ கூப்பிடப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அதே அண்ணன் அட்டை எண்ணைத் தட்டினார். நான் திரையைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓடுது அண்ணாச்சி" என்றார். வாப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடை பூட்டி இத்தனை நாளாகியும் சட்டையில் பழ வாசனை இன்னும் இருந்தது.

உம்மாவை மிஷினில் போட்டார்கள். சிவப்புக் குழாய்கள் அவள் கையிலிருந்து போய்ச் சுற்றித் திரும்பி வந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. உதட்டில் நிறம் வந்தது. தூக்கக் கலக்கத்தோடு என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாயிட்டாட்டி?"

"சரியாயிட்டும்மா."

"இப்ப நம்ம வீட்டுல யாரெல்லாம் இருக்கா?"

"நாம மூணு பேருதான். மத்தவங்கள்லாம் தனியாப் போயிட்டாவ."

"ஹைருனுமா?"

"அவங்களும்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இனி அவளுக்கு மெசேஜ் வந்தா?"

"அவங்க நம்பருக்கே வரும்மா."

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதே" என்றாள் உம்மா.